28 வயதில் கிளப்பிலிருந்து கழற்றிவிட்டார்கள். இனி கால்பந்தை மறந்துவிட வேண்டியதுதானா?

வயதை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். சீசன் முடிந்ததும் கூப்பிட்டு, "தம்பி, இனி சின்னப் பசங்களுக்கு வழி விடணும்" என்றிருப்பார்கள். சொன்னவருக்கு அறுபது வயதிருக்கும். அவர் இன்றுவரை யாருக்கும் வழி விட்டிருக்க மாட்டார். வீட்டிலும் "பந்து சோறு போடுமா?" என்ற கேள்வி திரும்பவும் ஆரம்பித்திருக்கும்.

எனக்கு இது நடந்தபோது வயது 27. குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரன் நான், ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன்) ஆடுவேன். வெளியூர் கிளப் ஒன்றில் மூன்று சீசன் இருந்தேன். அதில் இரண்டு சீசன் பெஞ்சில்தான். பெஞ்ச் என்றால் பெஞ்சுகூட இல்லை, வெயிலில் காய்ந்த நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கூரை போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை டிவியில் 'டக் அவுட்' (dugout) என்கிறார்களே, அது ஏன் என்று வேலை இல்லாத ஒரு மதியம் தேடினேன். (கிரிக்கெட்டில் முட்டை வாங்கும் டக் அவுட் வேறு, இது வேறு. நானும் ரொம்ப நாள் இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.) அப்படித்தான் டொனால்ட் கோல்மன் என்ற பழைய கால்பந்து ஆட்டக்காரர் கிடைத்தார்.

ஸ்காட்லாந்தில் ரென்டன் என்ற சின்ன ஊரில் 1878-இல் பிறந்தவர். சின்ன ஊர்தான், ஆனால் பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். 1888-இல் அந்த ஊர் அணி ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றது. அதோடு நிற்காமல் இங்கிலாந்துக் கோப்பையை வென்ற வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனையும் தோற்கடித்துவிட்டு, 'உலக சாம்பியன்' என்று தன்னையே அறிவித்துக்கொண்டது. அப்போது இவருக்கு ஒன்பது வயது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எந்த வேலைக்குப் போகும்? அப்பாவுக்கோ கால்பந்து பிடிக்காது. அதனால் கன்னிங்ஹாம் என்ற குடும்பப் பெயரை மறைத்து, கோல்மன் என்ற பெயரில் விளையாடினார். நம் பக்கம் பிறந்த தேதியை மாற்றுவார்கள், இவர் பெயரை மாற்றியிருக்கிறார்.

ஆள் குள்ளம். ஐந்தடி ஆறு அங்குலத்தில் ஒரு டிஃபென்டரை யார் எடுப்பார்கள்? கீழ்மட்ட அணிகளிலேயே வருடக்கணக்கில் கழிந்தது. 1905-இல்தான் மதர்வெல் என்ற ஸ்காட்லாந்து கிளப் எடுத்தது. இரண்டே வருடத்தில் போதும் என்று அனுப்பியும் விட்டது. அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயது.

1907-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் அபர்டீன் கிளப்புக்குப் போனார். அங்கே 1920 வரை ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். 1910-11 சீசனில் அபர்டீன் லீக்கில் ரேஞ்சர்ஸுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. அதே 1911-இல், முப்பதைத் தாண்டிய பிறகு, ஸ்காட்லாந்து தேசிய அணியில் முதன்முதலாக இடம் கிடைத்தது. மொத்தம் நாலு சர்வதேச ஆட்டங்கள்தான். ஆனால் மதர்வெல்லில் அவரை அனுப்பிவைத்தவர்கள் அந்த நாலு நாளும் பேப்பர் படித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு ஒரு சந்தோஷம். அபர்டீனை விட்ட பிறகும் டம்பார்ட்டன் கிளப்புக்குப் போய், நாற்பதைத் தாண்டியும் ஆடினார்.

"அந்தக் காலத்து ஆட்டத்தின் வேகம் என்ன, இப்போது என்ன" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். தெரியும் ஐயா. 28 வயதுக்காரர் எல்லோரும் தேசிய அணிக்குப் போய்விடலாம் என்று நான் சொல்லவில்லை. நானே போகவில்லையே. கழற்றிவிட்ட பிறகு இன்னொரு கிளப்பில் ஒரு சீசன் ஆடினேன், முழங்கால் போயிற்று, அத்தோடு சரி.

கோல்மனின் கதையில் எனக்குப் பிடித்தது ஓய்வுக்குப் பிறகு வரும் பகுதி. 1931-இல் அபர்டீனுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். ஆட்டக்காரர்களின் காலைத்தான் பார்ப்பார். எந்தக் காலை எங்கே ஊன்றுகிறான், உடம்பை எப்படித் திருப்புகிறான் என்று ஓயாமல் குறிப்பெழுதுவார். குத்துச்சண்டையிலும் நடனத்திலும் கால் போகிற விதம்வரை அவருக்கு ஆர்வம். நின்றுகொண்டு பார்த்தால் கால் சரியாகத் தெரியவில்லை, மழையில் நோட்டும் நனைகிறது. அதனால் அபர்டீனின் பிட்டோட்ரி மைதானத்தின் ஓரத்தில் பள்ளம் தோண்டி, மேலே கூரை போடச் செய்தார். ஆங்கிலத்தில் 'டக்' (dug) என்றால் தோண்டிய என்று அர்த்தம். தோண்டிய இடம் என்பதால்தான் டக் அவுட் என்ற அந்தப் பெயர். அங்கே ஆட வந்த இங்கிலாந்தின் எவர்ட்டன் அணி அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் மைதானத்திலும் கட்ட, இங்கிலாந்திலும் பரவியது. உலகத்திலேயே முதலாவது இதுதானா என்று சண்டைக்கு வராதீர்கள். பரவலாகச் சொல்லப்படுவது அவர் பெயர்தான்.

கூரை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பக்கத்து டோர்னமென்ட் எதிலும் விருந்தினருக்குப் பந்தல், ஃபேன், குளிர்பானம் எல்லாம் உண்டு. ஆடுகிறவனுக்கு நிழல் கிடையாது. ஒரு ஃபைனலுக்குச் சிறப்பு விருந்தினர் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தார். எட்டுப் பேருக்குச் சால்வை போட்டு, அதற்கப்புறம் பேச்சு. இரண்டாம் பாதியில் இருட்டிவிட்டது, எனக்குப் பந்தே தெரியவில்லை. அப்போது எங்களுக்கு விழுந்த கோலுக்கு இன்றும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், மழைக்குப் பாலிதீன் உறை போட்டு. பெரியவர்கள் டீமும் இருக்கிறது, பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். என் முழங்கால் போனதிலிருந்து அதில் ரைட் பேக் இல்லை. நீங்கள் எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று எழுதவே இல்லையே?