பனியே பெய்யாத நாட்டுக்காரர்கள் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போய்க் கடைசியாக வருவதில் என்ன பயன்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "பயிற்சி எடுக்க இடமே இல்லாத நாடுகள் ஓரிருவரை அனுப்பிக் கடைசி இடம் வாங்கி வருகின்றன, வெட்டிச் செலவுதானே?"

நான் இராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். பனியில் சறுக்கக் காலில் மாட்டும் ஸ்கீ கட்டையை நேரில் கண்டதில்லை. ஆனால் போட்டிகளில் கடைசியாக வருகிற பிள்ளைகளைப் பதினாறு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பதில் சொல்ல அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தப் பனி விஷயம். தமிழில் புல் நுனியில் நிற்பதும் பனி, பள்ளத்தாக்கை மூடுவதும் பனி, சுவிட்சர்லாந்தில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனி. அதனால் கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்கள், "உங்க ஊர்லதான் பனி இருக்கே, ஸ்கீ விளையாடலாமே" என்பார்கள். எங்களிடம் இருப்பது ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் விழுவது. பத்திரிகைகள் அதைத் 'துகள் உறைபனி' என்று எழுதும். விடியற்காலையில் புல்வெளி உப்புத் தூவினதுபோல் வெளுத்திருக்கும். உருளைக்கிழங்கு போட்டவர்கள் வெயில் வருமுன் தண்ணீர் அடித்து இலையைக் கழுவ ஓடுவார்கள். அம்மா மலைக்குப் போன காலத்தில் கருகிப்போன கொழுந்தைக் கொண்டுவந்து காட்டி, "வெந்துபோச்சு பாரு" என்பார். குளிரில் வெந்துபோவது எப்படி என்று எனக்கு அப்போது புரியவே இல்லை. எட்டு மணிக்கு எல்லாம் தண்ணீராகிவிடும். எங்களுடைய மிக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பனி நிலைத்துக் கிடக்க மலை கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஆக, ஸ்கீ கனவு அங்கேயே முடிந்தது. 2022 பெய்ஜிங் வரைக்கும் இலங்கையிலிருந்து ஒருவரும் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கியதில்லை.

பனிதான் இல்லை, சரிவுக்குக் குறைவில்லை. எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கீழ் லயத்து வீடுகளுக்கு வருகிற தார் ரோடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கும். நாங்கள் அதில் பேரிங் வண்டி விட்டோம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை, டவுன் கராஜில் கெஞ்சி வாங்கிய மூன்று லொறி பேரிங், திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை. பிரேக் என்றால் வலது கால் செருப்பு. ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தால் பிரேக் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒருநாள் எதிரே கொழுந்து லொறி வர, நான் தேயிலைக்குள் பாய்ந்தேன். கவாத்து வெட்டிய செடி என்பதால் நாடியில் இன்னும் தழும்பு இருக்கிறது. வீட்டில் காயத்துக்கு மருந்து போடுமுன் முதுகில் நாலு போட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜமைக்காவின் கதை இதே வண்டியில்தான் தொடங்குகிறது. அங்கே தள்ளுவண்டிகளில் ஆட்களை ஏற்றி மலைச் சரிவில் விடும் பந்தயம் உண்டு. அதைப் பார்த்த இரண்டு அமெரிக்கர்களுக்கு, பனிக்கட்டிக் கால்வாயில் இரும்பு விளிம்பு வைத்த வண்டியைத் தள்ளி ஏறிப் பாயும் பொப்ஸ்லெட் பந்தயமும் இதேதானே என்று பட்டது. 1988 கல்கரி ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நால்வர் அணி இறங்கியது. மூன்றாவது ஓட்டத்தில் வண்டி கவிழ்ந்து, தலைக்கவசம் சுவரில் உரசிக்கொண்டே வந்தது. எழுந்து வண்டியோடு நடந்தே எல்லைக்கு வந்தார்கள். உலகத்துக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான், 'கூல் ரன்னிங்ஸ்' படமும் இதைத்தான் காட்டியது. ஆறு வருடம் கழித்து 1994 லில்லஹாமரில் அதே நாட்டின் நால்வர் அணி அமெரிக்காவை விட முன்னால் 14ஆவது இடத்தில் வந்ததை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். விழுந்தது சிரிப்பு, 14ஆவது இடம் சிரிப்பில்லையே, அதனால் மறந்துவிட்டது.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் இந்தியாவின் சிவ கேசவன். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலிக்காரர், பிறந்து வளர்ந்தது மணாலிப் பக்கம். லூஜ் என்பது கால்களை முன்னால் நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டு பனிக்கட்டிப் பாதையில் பாயும் போட்டி. அந்தப் பாதை இந்தியாவில் கிடையாது. அதனால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலை ரோட்டில் லொறிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே படுத்துக்கொண்டே இறங்கிப் பழகினார். இணையத்தில் அந்த வீடியோவைப் பார்த்த அன்று என் நாடித் தழும்பைத் தடவிக்கொண்டேன். அந்த ஆள் 16 வயதில் 1998 நாகானோவில் தொடங்கி 2018 வரை ஆறு ஒலிம்பிக். பதக்கம் ஒன்றுமில்லை. 2014இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்ததால் சொந்தக் கொடி இல்லாமல் ஓட வேண்டியிருந்தது. அவர் போட்டி முடிந்து இரண்டே நாளில் தடை நீங்கியது. விதி என்று சொல்லலாம், நிர்வாகிகளின் சண்டை என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இனி "சும்மா போய்விடுகிறார்கள்" என்ற எண்ணத்துக்கு வருகிறேன். அப்படிப் போக முடியாது. 1988இல் பிரித்தானியாவின் எடி எட்வர்ட்ஸ் ஸ்கீ தாண்டலில் கடைசியாக வந்து உலகப் புகழ் பெற்ற பிறகு, தகுதி விதிகளை இறுக்கிவிட்டார்கள். பசிபிக் தீவு நாடான தொங்காவின் பீட்டா தவ்ஃபதோஃபுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ரியோவில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக் கொடி பிடித்தாரே, அதே டைக்குவாண்டோ வீரர். 2018இல் நெடுந்தூர ஸ்கீ ஓட்டத்துக்கு வந்தார். அந்தப் போட்டிக்கு ஐந்து தகுதிப் பந்தயங்களில் சராசரி 300 புள்ளிக்குள் இருக்க வேண்டும். இதில் புள்ளி குறையக் குறைய நல்லது, உலகின் முதல் ஆளுக்குப் பூச்சியம். பனி இல்லாத பீட்டா என்ன செய்தார்? சக்கரம் வைத்த ஸ்கீயில் கொலம்பியாவில் தார் ரோட்டில் ஓடிப் புள்ளி சேர்த்தார். ஆனால் பனியிலும் ஒரு பந்தயத்தில் தேற வேண்டும். ஊர் ஊராக அலைந்து, கடைசி வாய்ப்பாக ஐஸ்லாந்தின் ஒரு சிற்றூரில் அதை முடித்தார். பியோங்சாங்கில் ஓடி முடித்த 116 பேரில் 114ஆவது. முடித்ததும் அறைக்குப் போகவில்லை. 43 வயதில் மெக்சிகோவுக்காக வந்த ஹெர்மன் மத்ராசோ கடைசி ஆளாகக் கொடியோடு வரும்வரை எல்லையில் நின்று, மற்ற வீரர்களோடு சேர்ந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

எல்லாமே இப்படி நெகிழ வைக்கும் கதைகள் இல்லை. அதே தொங்காவிலிருந்து லூஜுக்கு வந்த ஒருவருடைய பெயர் புரூனோ பனானி. ஜெர்மனியில் ஓர் உள்ளாடை நிறுவனத்தின் பெயரும் அதேதான். என்ன பொருத்தம் என்று உலகமே வியந்தது. பிறகு பார்த்தால், விளம்பரத்துக்காகவே ஃபுவாஹேயா செமி என்ற தன் பெயரை அவர் மாற்றிக்கொண்டிருக்கிறார். கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் 2014 சோச்சியில் 39 பேரில் 32ஆவதாக வந்தார். பெயர் பொய், நேரம் பொய்யில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 'பனி இல்லாத நாட்டு வீரர்' என்று நாம் கைதட்டுகிறவர்களில் நிறையப் பேர் பனி உள்ள நாட்டில் வளர்ந்தவர்கள், இல்லாவிட்டால் அங்கே போய்ப் பழகியவர்கள். 2018இல் மடகாஸ்கருக்காக இறங்கிய மியாலிட்டியானா கிளேர் ஸ்கீ பழகியது பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில். கானாவின் குவாமே இங்கிலாந்தில் ஓர் உள்ளரங்கப் பனிச்சரிவில் வரவேற்பாளராக வேலை செய்தபோது பழகினார். 2010 வன்கூவரில், கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியில் இறங்கிய 102 பேரில் 48 பேர்தான் முழுதாக முடித்தார்கள், அதில் அவர் 47ஆவது. பாதிக்கு மேற்பட்டவர்கள், பனியிலேயே பிறந்தவர்களும் சேர்த்து, இடையில் விழுந்தோ கம்பத்தைத் தவறவிட்டோ வெளியே போய்விட்டார்கள். இதைக் குறை என்று சொல்லவில்லை. இராகலைப் பிள்ளைக்குக் குறைவது காலும் நெஞ்சும் இல்லை, அந்தச் சரிவுக்குப் போகிற வழி. 'சின்ன நாடு' என்பதும் காரணமாகாது. சுமார் நாற்பதாயிரம் பேரே உள்ள லீக்டன்ஸ்டைன் 2018 வரைக்கும் பத்துப் பதக்கம் எடுத்திருக்கிறது, எல்லாமே மலைச்சரிவு ஸ்கீயில். வாசலிலேயே அல்ப்ஸ்.

வழி இல்லாமல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லை, அதுவும் சரியான வார்த்தை இல்லை, ஏனென்றால் ஜோர்ஜியாவின் நோதார் குமாரித்தாஷ்விலி பழகாதவர் அல்ல. 2010 பெப்ரவரி 12, வன்கூவர் ஒலிம்பிக் தொடங்கும் அன்று, லூஜ் பயிற்சி ஓட்டத்தில் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வந்து, கடைசி வளைவில் தூக்கி எறியப்பட்டு இரும்புத் தூணில் மோதி இறந்தார். 21 வயது. கடைசியாக வருகிறவர்களும் இறங்குவது அந்த மாதிரிப் பாதையில்தான்.

சரி, என் பதிலுக்கு வருகிறேன். 1998 நாகானோவில் கென்யாவின் பிலிப் போய்ட் 10 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டத்தில் 92ஆவதாக, கடைசியாக வந்தார். அவர் 800 மீட்டர் ஓட்டக்காரர். ஒரு காலணி நிறுவனம் செலவு செய்து பின்லாந்துக்கு அனுப்பிப் பழக்கியது. முதன்முதல் பனியைப் பார்த்ததே அங்கேதான். வென்றவர் நோர்வேயின் பியோர்ன் டேலி. அவர் முடித்து இருபது நிமிடம் கழித்துத்தான் போய்ட் வந்தார். டேலி அதுவரை எல்லையில் காத்திருந்து கட்டிப்பிடித்தார். போய்ட் தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். இதெல்லாம் எல்லாரும் எழுதுகிற கதை. என்னைப் பிடித்தது வேறு. நாகானோ முடிவுப் பட்டியலின் கடைசி வரியில் அவருடைய நேரம் இருக்கிறது: 47 நிமிடம் 25.5 வினாடி. அந்த அரை வினாடி வரைக்கும் ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

2019இல் ஒரு மாகாண மட்டப் போட்டிக்கு என் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிப் போனேன். 1500 மீட்டர். வலயத்தில் அந்தப் பிரிவில் மூன்று பேர்தான் ஓடினார்கள், அதனால் தேறியவள். அப்பா டவுனில் மூட்டை தூக்குகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். வெறுங்காலோடு ஓடினாள். மற்றவர்கள் முடித்தபோது இவளுக்கு இன்னும் முக்கால் சுற்றுக்கு மேல் இருந்தது. அப்புறம் நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. அடுத்தது தடை தாண்டல். நேரமாகிவிட்டது என்று, அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடைகளைக் கொண்டுவந்து ஓடுபாதையில் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை அவற்றைச் சுற்றி, புல்லில் இறங்கி, திரும்பப் பாதையில் ஏறி ஓடினாள். நான் கத்தினேன். ஓர் அதிகாரி என்னைப் பார்த்து, "ஏன் சேர் இப்படியான பிள்ளைகளைக் கூட்டிட்டு வாறீங்க?" என்றார். உங்கள் கேள்வியை வாசித்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லையில் நாடா இல்லை, நேரம் பிடிப்பவர்கள் மூன்றாவது ஆளோடு எழுந்து போய்விட்டார்கள். மூச்சு வாங்க வந்து நின்றவள் முதலில் கேட்டது, "சேர், எத்தன நிமிசம்?" என் ஃபோனில் ஓட்டம் தொடங்கியபோதே அமுக்கியிருந்தேன். 6 நிமிடம் 48 வினாடி. பாடசாலை மைதானத்தில் அவளுடைய நல்ல நேரம் 7.10. தடைகளைச் சுற்றி ஓடியும் 22 வினாடி குறைத்திருக்கிறாள். பட்டியலில் அவளுக்கு நேராக எதுவும் எழுதப்படவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் கணிதக் கொப்பியோடு வந்தாள். பின்னட்டையில் '1500 மீ – 6.48' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். "கையெழுத்து வைங்க சேர்" என்றாள். வைத்தேன். "திகதியும் போடுங்க." போட்டேன்.