குன்னூரில் குடித்த தேநீரின் ருசி வீட்டில் ஏன் வருவதில்லை?

கேள்வி: குன்னூரில் சிறிய தேயிலைக் கடை நடத்துகிறேன். மே மாத சீசனில் கடையில் நிற்க இடம் இருக்காது. மழை தொடங்கிவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். வந்து போனவர்களுக்குத் தூளைப் பார்சலில் அனுப்பலாம் என்பதால், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் திரட்ட நினைக்கிறேன். ஒருவர் பத்தாயிரம் முகவரிகளை விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவரும் உங்கள் கடைப்படி ஏறியவர் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியில் ஒரு கடைக்காரர் இப்படி வாங்கிய பட்டியலுக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, பிறகு என்னிடம் வந்தார். பாதி முகவரிகள் உயிரோடு இல்லை. கடிதம் கிடைத்தவர்களில் பலர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தியிருந்தார்கள். பல ஆண்டுகளாக அவரிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அனுப்பிய கடிதங்களும் அதன் பிறகு குப்பைப் பெட்டிக்கே போயின. அது எனக்கு இன்றும் வருத்தம். மொத்தமாக அனுப்புகிறவர்கள் மீது வரும் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கண்டிப்பாகச் சொல்கிறது. ஆயிரம் பேரில் மூன்றே பேர்! விலைக்கு வாங்கிய பட்டியல் இதைத் தாங்காது.

உங்களுக்கு வேண்டியது, உங்கள் தேநீரைக் குடித்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னவர்களின் முகவரி. அவர் அதை ஏன் தர வேண்டும்? ‘சலுகைகள் அனுப்புவோம்’ என்றால் யாருக்கும் ஆர்வம் வராது. உங்களிடம் அதைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது.

சென்னைக்குத் திரும்பியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை என்ன? ‘அங்கே குடித்த ருசி இங்கே வரவில்லை’ என்பதுதானே! கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் அது 100 டிகிரி. நீள இலை ஆர்த்தடாக்ஸ் தேயிலையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பாலையும் ஊற்றிக் காய்ச்சினால் மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, இலை மேல் ஊற்றி, மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். பால் விட்டுக் குடிப்பவர்களுக்குக் குருணையாக இருக்கும் சிடிசி தூள்தான் ஏற்றது. இதை விரிவாக எழுதுங்கள். அதுவே உங்கள் முதல் கடிதம். பில் போடும்போது, ‘இதே ருசி வீட்டில் வருவதற்கு வழி எழுதி அனுப்புகிறோம், பனிக்காலத் தூள் வந்தாலும் சொல்கிறோம். மின்னஞ்சல் தருகிறீர்களா?’ என்று கேளுங்கள். விருப்பமுள்ளவர் தருவார். தராதவரை வற்புறுத்த வேண்டாம்.

கல்லா மேசையில் ஒரு கியூஆர் அட்டை வையுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காத நாட்கள் உண்டு என்பதால் பக்கத்தில் கோடு போட்ட ஒரு நோட்டும் இருக்கட்டும். நோட்டில் எழுதியதை அவர் முன்னாலேயே எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபாருங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கடிதம் போய்ச் சேராது. பெயர், மின்னஞ்சல் முகவரி, வாங்கிய தூள், தேதி ஆகியவை போதும். பிறந்த நாள், ஊர் எல்லாம் தேவையில்லை. அன்றிரவே ‘உங்கள் முகவரிதானா?’ என்று உறுதி கேட்கும் சிறு கடிதம் ஒன்றை அனுப்பி, ஒப்புக்கொண்டவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அடிப்படை இசைவுதான். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்க வேண்டும். இசைவைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் விலகிக்கொள்ளும் இணைப்பு இருக்கட்டும்.

ஜிமெயிலில் ஐம்பது பேரை ஒரே கடிதத்தில் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒருவர் முகவரி மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. ஜோகோ கேம்பெய்ன்ஸ், மெயில்சிம்ப் போன்ற, பலருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கிருந்து ஜிமெயில் முகவரியின் பெயரில் அனுப்பினால் கடிதம் ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு அதிகம். கடையின் பெயரில் ஓர் இணைய முகவரி (டொமைன்) வாங்கி, கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அமைப்புகளையும் விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை.

வாட்ஸ்அப் போதாதா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். அருகிலிருந்து வாங்குபவர்களுக்கு அது போதும். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்ப உதவும் அதன் ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) ஒன்றில் 256 பேருக்குத்தான் இடம். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஒரு நாள் வந்துபோன சுற்றுலாப் பயணி உங்கள் எண்ணைச் சேமிப்பது அரிது.

2025 சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் வரம்பு வைத்ததை நீங்களே பார்த்தீர்கள். வருகிற கூட்டம் நம் கையில் இல்லை. அதனால் வந்தவரை விட்டுவிடாமல் இருப்பது முக்கியம்.

எத்தனை கடிதம்? ஆண்டுக்கு ஐந்தாறு போதும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் பறித்த இலையின் தூள் கடைக்கு வந்ததும் ஒன்று எழுதுங்கள். அது அளவில் குறைவு, மணத்தில் தனி; விலை, எடை, பார்சல் செலவு மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மழைக்காலத்தில், ஈரம் ஏறாமல் தூளைச் சேமிப்பது பற்றி ஒன்று. ஓராண்டாக எதையும் திறக்காதவருக்கு ‘தொடரலாமா?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் நீக்கிவிடுங்கள். சீசன் முடிவில் இருநூறு பெயர் சேர்ந்திருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். நோட்டை இன்றே வாங்கி, பேனாவை நூலில் கட்டி, பில் போடும் இடத்தில் வையுங்கள்.