சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும்

கேள்வி: மகனுக்கு நாலு வயது, 15 கிலோ. அம்மம்மா வீட்டில் கடலுணவு போட்ட ஒடியல் கூழ் குடித்த பிறகு உடம்பெல்லாம் தடித்துக் காணாக்கடி வந்துவிட்டது. டொக்டர் செற்றிரிசின் என்ற அலர்ஜிப் பாணி காலையும் இரவும் இரண்டரை மில்லிலீற்றர் கொடுக்கச் சொன்னார். சின்ன உடம்பில் மருந்து கனநேரம் நிற்கும்தானே என்று நான் இரவு மட்டும் கொடுத்தேன். மறுநாள் பின்னேரம் திரும்ப உடம்பு கடித்து அரிக்க, அம்மம்மா தன்னுடைய பிரிற்றன் என்ற அலர்ஜிக் குளிசையில் பாதியைக் கொடுத்துவிட்டா. பிள்ளை இரவுச் சாப்பாடும் இல்லாமல் தூங்கிப்போனான். இப்போது நன்றாக விளையாடுகிறான். பாதிப்பு ஏதும் வருமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: பயப்படாதீர்கள், அந்தப் பாதிக் குளிசையால் இனி ஒன்றும் வராது. ஆனால் நீங்கள் நினைத்தது தலைகீழ்.

செற்றிரிசினை ஈரல் பெரிதாக உடைப்பதில்லை, பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் சிறுநீரகம், எடைக்கு எடை பார்த்தால், நம்முடையதை விட வேகமாக வேலை செய்கிறது. அதனால் வளர்ந்தவரின் இரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 மணித்தியாலம் எடுக்க, உங்கள் மகனின் வயதில் 5 மணித்தியாலமே போதும், ஒரு வயது தாண்டி இரண்டு வயதுக்குள் என்றால் 3 மணித்தியாலம்தான். இரவு எட்டு மணிக்குக் கொடுத்தது மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குப் பதினாறில் ஒரு பங்காகியிருக்கும், உங்கள் உடம்பில் என்றால் ஆறில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். இரத்தத்தில் குறைந்த பிறகும் தோலில் அதன் வேலை கொஞ்ச நேரம் நிற்கும், அது உண்மைதான், ஆனாலும் இந்த வயதில் அளவை இரண்டாகப் பிரித்துக் காலையும் இரவும் கொடுக்கச் சொல்வது இதனால்தான். காலை மருந்தை விடாதீர்கள்.

சீக்கிரம் கழிகிறதே என்று கூட்டியும் கொடுக்காதீர்கள். பிறந்து சில மாதமேயான கைக்குழந்தைக்கும் சிறுநீரக வருத்தம் உள்ள பிள்ளைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களில் மருந்து தங்கிவிடும்.

சரி, பிரிற்றன். குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது, பாதி என்றால் 2. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒருமுறைக்கு உரியது 1 மில்லிகிராம், ஆகவே அம்மம்மா அன்போடு கொடுத்தது இருமடங்கு. பெரியவர்களின் குளிசையில் பாதி பிள்ளையின் அளவு என்ற பழக்கத்தை நம் வீடுகளில் தயவுசெய்து நிறுத்தவேண்டும். இது பழைய வகை அலர்ஜி மருந்து, மூளைக்குள் இலகுவாகப் போகும், அதுதான் அந்தத் தூக்கம். சில பிள்ளைகள் எதிர்மாறாகத் தூங்காமல் துள்ளி அழுவார்கள். செற்றிரிசினோடு சேர்த்துக் கொடுக்கவேண்டாம். தூங்கவைக்க, இதே பழைய வகையைச் சேர்ந்த பினர்கன் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது, இரண்டு வயதுக்குக் கீழே அதைத் தொடவே கூடாது, மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு விடயம். செற்றிரிசின் பாணி கொடுத்து இருபது நிமிடத்தில் கடி நிற்கவில்லை என்று அடுத்த கரண்டியை ஊற்றுகிறார்கள். குடலில் இருந்து இரத்தத்துக்கு வந்து உச்சத்தைத் தொட இதற்கு ஒரு மணித்தியாலமளவு வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பிந்தும், உறிஞ்சப்படும் அளவு குறையாது. பொறுத்திருங்கள். தேநீர்க் கரண்டி வீட்டுக்கு வீடு வேறு, பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அதில் அளந்து கொடுங்கள், அப்புறம் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அப்படியிருந்தால்தான் டொக்டர் சொன்ன இரண்டரை மில்லிலீற்றர் 2.5 மில்லிகிராம் ஆகும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கூழ்தான். அடுத்த முறை உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சோர்ந்து விழுந்தால் பாணியைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே அவனைக் காப்பாற்றுவது அட்ரினலின் ஊசி, எந்த அலர்ஜிப் பாணியும் அந்த வேலையைச் செய்யாது. கூழில் இறால், நண்டு, கணவாய், மீன் என்று என்னென்ன போட்டார்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு டொக்டரிடம் காட்டுங்கள். எது காரணம் என்று தெரியும்வரை அவை எதுவும் வேண்டாம். இறாலை எடுத்துவிட்டுக் கூழை மட்டும் கொடுப்பதும் சரிவராது, ஒவ்வாமை தரும் புரதம் கொதித்தாலும் அழியாமல் கூழிலேயே கலந்திருக்கும்.