ஜீத் முன்பணம், குகை டிக்கெட், வாத்துக் கொழுப்பு: தொர்தோன் போகிறவர்களின் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரான்ஸின் தென்மேற்கைப் பற்றியவை. தொர்தோன் ஆற்றங்கரைக் கோட்டைகளும் பழைய கல் கிராமங்களும் ஆதிமனிதர்களின் குகைகளும் கூப்பிடும் தூரத்தில் இருக்கும் பகுதி அது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் ஜூலையில் வருகிறார்கள். அவர்களோடு ஒரு கிழமை சார்லா பக்கம் தங்கலாம் என்று ஒரு ஜீத், அதாவது கிராமத்து வாடகை வீடு, பார்த்து வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் வாடகையில் 30 சதவீதத்தை இப்போதே அனுப்பச் சொல்கிறார். விசா இன்னும் கைக்கு வரவில்லை. கிடைக்காமல் போனால் காசு திரும்புமா? (லா கூர்நெவ் வாசகி)

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் திரும்பாது. எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. அதற்கு, அந்தத் தொகைக்கு ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' (arrhes) என்று இருந்தால் நீங்கள் பின்வாங்கலாம். கொடுத்த பணம் போகும், அதற்கு மேல் உங்களிடம் கேட்க முடியாது. வீட்டுக்காரர் பின்வாங்கினால் வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு அவர் தர வேண்டும். 'அகோம்த்' (acompte) என்று இருந்தால் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் வராவிட்டாலும் மீதி 70 சதவீதத்தையும் கேட்க அவருக்கு வழி உண்டு. வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவர் இரண்டில் எதையும் குறிப்பிடவில்லையென்றால் சட்டம் அதை 'ஆர்' என்றே எடுத்துக்கொள்ளும்.

இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாமே என்று பலரும் எழுதுகிறீர்கள். அந்த உரிமை, தேதி குறித்துப் பதிவு செய்யும் தங்குமிடத்துக்குக் கிடையாது. வாடகைக் காருக்கும் கிடையாது, குறிப்பிட்ட நாளுக்கான நுழைவுச் சீட்டுக்கும் கிடையாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன். பல வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள். மறுத்தால், கட்டணமில்லாமல் ரத்து செய்ய இடம் தரும் வேறு வீட்டைப் பிடியுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான ஜீத்கள் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். அதனால் விசா தாமதமானால் இரண்டு நாள் தள்ளி வைக்கிற வசதியும் இருக்காது.

விலையில் சேராத செலவுகளையும் இப்போதே கேட்டுவிடுங்கள். படுக்கை விரிப்பும் துவாயும் பல ஜீத்களில் தனி. கடைசி நாள் துப்புரவுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். தங்கல் வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வரும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. பிணைத்தொகை கேட்பார்கள். சாவி வாங்கும்போது வீட்டின் நிலையை இருவரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடிக்கு நீங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? அம்மா, அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டென்றால் கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்தப் பழைய கல் வீடுகளின் மரப்படிகள் படத்தில் அழகாக இருக்கும், ஏறினால் செங்குத்து.

சமையல் தேவையில்லை என்றால் 'ஷாம்ப்ர் தோத்' பாருங்கள். வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டிலேயே அறை தருவது. அதிகபட்சம் 5 அறை, 15 பேர். காலை உணவும் விரிப்பும் விலையிலேயே அடங்க வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' என்று பலகை வைத்திருக்கும் ஊர்களுக்குள் போக டிக்கெட் உண்டா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: இல்லை. அது 1982-இல் தொடங்கிய ஒரு சங்கம் தரும் அடையாளம். 2,000 பேருக்கு மிகாத மக்கள்தொகையும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டும் உள்ள ஊர்கள்தான் விண்ணப்பிக்கவே முடியும். தொர்தோன் கரையில் பேனாக், லா ரோக் கஜாக், தோம் மூன்றும் அப்படிப்பட்டவை. தெருவில் நடக்கக் காசு இல்லை, வண்டி நிறுத்தத்தான் காசு. பேனாக்கில் மேலே கோட்டைக்குள் போகத் தனிக் கட்டணம். இந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லோரும் போகிற ரோக்கமதூரில் திருத்தலங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே ஏற 216 படிகள். பெரியவர்கள் இருந்தால் மின்தூக்கிக்குக் காசு கொடுப்பது வீண் செலவல்ல.

கேள்வி: லாஸ்கோ குகைக்கு டிக்கெட் எடுக்கப் போனால் அது அசல் இல்லை, நகல் என்கிறார்கள். நகலைப் பார்க்க இவ்வளவு காசா? (சென்னை வாசகர்)

பதில்: எடுக்கும் முன்பே தெரிந்துகொண்டது நல்லது. குகை இருக்கும் மோந்தினியாக் ஊருக்கே போய் வாசலில் நின்று தெரிந்துகொள்பவர்களும் உண்டு. 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்த, ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள குகை அது. 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் விட்ட மூச்சே எமனாயிற்று. கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடித்தது, வெள்ளைச் சுண்ணாம்புப் படிவமும் பரவியது. 1963-இல் மூடினார்கள், இன்றுவரை பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. 'அசல் லாஸ்கோ சுற்றுலா' என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

மோந்தினியாக்கில் நகல் இரண்டு இருக்கின்றன. 1983-இல் திறந்த லாஸ்கோ 2, அசலுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி அதே குன்றில் இருக்கிறது. குகையின் ஒரு பகுதிதான் அங்கே உண்டு. 2016-இல் திறந்த லாஸ்கோ 4 பெரிது. பாறையின் மேடு பள்ளங்களை அளந்து அப்படியே வார்த்து, அதன்மேல் ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார்கள். காளைகள் நிறைந்த கூடத்தில் அண்ணாந்து நிற்கும்போது நகல் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. குழந்தைகளோடு போனால் லாஸ்கோ 4 கொடுத்த காசுக்குத் தகும். டிக்கெட்டில் நேரத்தோடு வழிகாட்டி பேசும் மொழியையும் பார்த்து எடுங்கள்.

அசல்தான் வேண்டும் என்றால் அரை மணி, முக்கால் மணி கார் தூரத்தில் இரண்டு குகைகள் உண்டு. லேஸேஸியில் உள்ள ஃபோன்-த-கோமில் பல வண்ணக் காட்டெருமைகள். சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் முதலில் சொல்வது ரூஃபினியாக். சிறிய மின்ரயிலில் உட்கார வைத்து ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். வழியில் தரையில் பெரிய பெரிய குழிகள், குகைக் கரடிகள் குளிர்காலம் முழுக்கச் சுருண்டு தூங்கிய இடங்கள். சுவரில் அவற்றின் நகக் கீறல், அந்தக் கீறலின் மேலேயே மனிதன் வரைந்த மாமூத் யானை. கடைசியில் ரயில் நின்று, வழிகாட்டி விளக்கை மேலே திருப்பும்போது கூரை முழுக்க மாமூத்தும் குதிரையும் மலையாடுமாக நிற்கும். வெளியே 35 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே 13 டிகிரிதான். குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுக்காமல் போகாதீர்கள்.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து அங்கே கார் வாடகைக்கு எடுக்கலாமா? கார் இல்லாமல் சமாளிக்க முடியாதா? (கோவை வாசகர்)

பதில்: சார்லா வரை ரயில் வரும். அதற்கு மேல் கார் இல்லாமல் கஷ்டம். சுற்றுலாவாக வருபவர் இந்திய உரிமத்தோடு ஓட்டலாம், கூடவே ஆர்டிஓவில் வாங்கிய பன்னாட்டு அனுமதி இருக்க வேண்டும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் சாவி தர மாட்டார்கள், முன்பே கட்டிய பணமும் திரும்பாது. கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் பதிவிலேயே குறிப்பிடுங்கள். சிறிய ஊர் அலுவலகங்கள் மதியம் பூட்டுவார்கள், ஞாயிறும் பூட்டுவார்கள். உங்கள் ரயில் 12.30-க்கு வந்தால் 2 மணி வரை பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். கவுன்டரில் கூடுதல் காப்பீடு விற்பார்கள். விபத்தானால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வண்டியைச் சுற்றி வந்து, சக்கர விளிம்பையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

பம்பில் 'கசோல்' (gazole) என்று எழுதியிருப்பது டீசல். பெட்ரோல் வண்டிக்கு அதைப் போட்டுவிட்டு இன்ஜினைக் கழற்றியவர்கள் உண்டு. ஊருக்குள் எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முதல் வழி, சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்? (மதுரை வாசகி)

பதில்: நேராகச் சொன்னால், வாத்து ராஜ்ஜியம் அது. உருளைக்கிழங்கு வறுவல் என்று நம்பி வாங்கும் 'பொம் சார்லதேஸ்' வாத்துக் கொழுப்பில் வதக்கியது. பெரிகோர் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) சாலட்டில் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். சமையலறையுள்ள ஜீத் எடுத்து, சார்லா சந்தையில் புதன், சனிக்கிழமைகளில் காய்கறியும் வால்நட்டும் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிச் சமைப்பதுதான் மலிவும் நிம்மதியும். உணவகத்தில் குழாய்த் தண்ணீர் ஜாடி இலவசம், கேட்டு வாங்குங்கள். விலையில் சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது, டிப்ஸ் உங்கள் விருப்பம். மதியம் 2 மணி தாண்டினால் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

கேள்வி: போகும் வழியில் லிமோஜில் பீங்கான் வாங்க ஆசை. வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே? (திருச்சி வாசகி)

பதில்: லிமோஜ் பீங்கானுக்கு 2017 முதல் புவிசார் பாதுகாப்பு உண்டு. செய்வதும் அலங்கரிப்பதும் அந்த மாவட்டத்திலேயே நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். தட்டைத் திருப்பி அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். வரி திரும்ப வேண்டுமென்றால் வாங்குபவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும். பாரிஸில் இருக்கும் மகள் பெயரில் பில் போட்டால் கிடைக்காது. வரி 20 சதவீதம் என்றாலும் இடைத்தரகர் கழிவு போகச் சுமார் 12 சதவீதம்தான் கைக்கு வரும். கடைக்காரர் இந்த வசதியைத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே 'பாப்லோ' என்ற சுங்க இயந்திரத்தில் கடைக்காரர் தந்த வரிப் படிவத்தை ஸ்கேன் செய்துவிடுங்கள். சுங்கத்தினர் பொருளைக் காட்டச் சொன்னால், பெட்டி அதற்குள் உள்ளே போயிருக்கக் கூடாது.