கொட்டானுக்குள் தினை

கேள்வி: எங்கள் காக்டெயில் கிளி நாள் முழுக்கக் கம்பியைக் கடித்துக் கத்துகிறது. தீனி ஒளித்துவைக்கும் பொம்மை ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கிக் கூண்டு உச்சியில் தொங்கவிட்டேன். பக்கத்தில்கூடப் போகவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்த 700 ரூபாயை மறந்துவிடுங்கள், என் வீட்டிலும் ஒன்று பரணில்தான் கிடக்கிறது. காக்டெயிலின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அங்கே பெரும்பாலும் தரையில் நடந்து புல்விதை பொறுக்கும் பறவை. தலைக்கு மேல் ஆடும் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் மிரளத்தானே செய்யும்? கிண்ணத்தில் கொட்டினால் சீக்கிரமே தின்று முடித்துவிட்டு, மிச்சப் பொழுதுக்கு உங்களைக் கத்திக் கூப்பிடும். (பச்சைக்கிளியாக இருந்தால் இந்தப் பதிலையே எழுதியிருக்க மாட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம்.)

சாயம் போடாத பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) ஒன்று எடுங்கள், உள்ளங்கை அளவு போதும். நான் முதல் மூன்று நாள் அதை எங்கள் காக்டெயிலின் கூண்டுத் தரையில் திறந்தபடி வைத்துத் தினை தூவினேன். அப்புறம் தினைமேல் கசக்கிய வெள்ளைத் தாள். எங்கள் வீட்டுத் துரை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார், கொண்டையை நிமிர்த்தினார், தாளைக் கவ்வி வெளியே எறிந்தார். இப்போது தினை தீர்ந்த பிறகும் ஓலையை நார்நாராகக் கிழிப்பதுதான் அவருக்கு வேலை. வாரத்துக்கு ஒரு கொட்டான் காலி!

பழகும்வரை கிண்ணத்துத் தீனியை நிறுத்த வேண்டாம். கொட்டானைக் கட்டிவைப்பதானால் கவனம்: சணல் பிசிறு கிளியின் விரலில் சுற்றிக்கொள்ளும்; துத்தநாகம் பூசிய கம்பி விஷம். இறகைப் பிடுங்க ஆரம்பித்தால் மட்டும் பொம்மையை நம்பாமல் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.