தாளப் பயிற்சித் தாள்களை நொட்டேஷன் (இசைக்குறி எழுதும்) மென்பொருள் மூலம் தானாகவே தயாரிக்க முடியுமா?

முடியும். நோட்டுகளை மவுஸால் ஒவ்வொன்றாக வைக்கும் மென்பொருள்களைவிட, எழுத்து வடிவில் உள்ளீடு பெறும் லில்லிபாண்ட் இதற்கு மிகவும் ஏற்றது என்பது கீபோர்டு கற்பிக்கும் என் கருத்து. இலவசமாகக் கிடைக்கும் அது, சாதாரண உரைக்கோப்பிலிருந்தே அச்சுத் தரமான பிடிஎஃப் தருவதால், அந்தக் கோப்பை எழுதித்தரும் சிறிய பைத்தான் நிரல் ஒன்று இருந்தால் போதும். தாளத்துக்கென்றே ஒற்றைக்கோட்டு ஸ்டாஃப் (நோட்டுகளை எழுதும் கோடு) அதில் உண்டு. நோட்டின் கால அளவை எண்ணால் எழுத வேண்டும்: 4 என்பது குரோச்செட் (இங்கே ஒரு பீட்), 8 குவேவர் (அரை பீட்), 16 செமிகுவேவர் (கால் பீட்). எண்ணை அடுத்துப் புள்ளி வைத்தால் அந்தக் காலம் ஒன்றரை மடங்காகும்.

சிக்கலெல்லாம் நிரல் நோட்டுகளைக் குலுக்கும், அதாவது தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும், முறையில்தான். நோட்டுகளைத் தனித்தனியே குலுக்கி, கூட்டுத்தொகை நான்கு பீட் வந்தால் சரி என்று விட்டுவிட்டால், '16 4 4 4 8.' போன்ற பார்கள் (நான்கு பீட் கொண்ட கட்டங்கள்) வந்து விழும். கணக்கு சரிதான், பாரின் நீளம் சரியா என்று பார்க்கும் லில்லிபாண்டின் பார் சோதனையும் ஒன்றும் சொல்லாது. ஆனால் முதல் நோட்டைத் தவிர மற்ற எல்லாமே பீட்டுக்கு ஒரு செமிகுவேவர் தள்ளித் தொடங்குவதால், இரண்டாவது பீட் எங்கே இருக்கிறது என்பதே மாணவருக்குத் தெரியாது.

எனவே நோட்டுகளைக் குலுக்காமல், ஒரு பீட் அளவுள்ள துண்டுகளைக் குலுக்குங்கள். ஓய்வில்லாமல் ஒரு பீட்டைச் செமிகுவேவர் வரை பிரிக்க எட்டு வழிகளே உள்ளன: '4', '8 8', '8 16 16', '16 16 8', '16 8 16', '8. 16', '16 8.', நான்கு செமிகுவேவர்கள். இவற்றைக் கொண்டே நான்கு பீட் பாரை 4096 விதமாக அமைக்கலாம் என்பதால் தாள் தீர்ந்துபோகும் என்ற கவலை வேண்டாம். தொடக்க நிலைக்கு முதல் இரண்டு துண்டுகளும் ஒரு குரோச்செட் ஓய்வும் போதும், '16 8.' பலரையும் தடுமாற வைப்பதால், அதைக் கடைசியாகச் சேர்த்து, அரிதாக வரும்படி குலுக்கலில் குறைந்த எடை கொடுக்கலாம். '4. 8', '8 4 8' போன்ற இரண்டு பீட் துண்டுகளை முதல் பீட்டிலோ மூன்றாவது பீட்டிலோ மட்டும் தொடங்க விடுங்கள்.

குலுக்கலுக்கு ஒரு விதை எண்ணை (அதே எண் கொடுத்தால் அதே வரிசை வரும் தொடக்க எண்) கொடுத்து, அதைத் தாளின் அடியிலேயே அச்சிட்டுவிட்டால், அதே நிரலைக் கொண்டு அதே தாளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் எடுக்கலாம். கோப்பில் மிடி (கணினி இசைக்கும் கோப்பு வடிவம்) பகுதியையும் சேர்த்தால், மாணவர் வீட்டில் கேட்டுச் சரிபார்க்க ஒலிக்கோப்பும் உடன் கிடைக்கும்.