முட்டுற மாட்டுக்கு ஸ்ட்ரெஸ் பவுடர் வேலை செய்யுமா?

கேள்வி இதுதான்: 18 கறவை மாடு இருக்கிற கொட்டகையில ஒருத்தர் புதுசா 3 தலை ஈத்து மாடு சேர்த்திருக்கார், பத்து நாளாகியும் பழசுங்க விடாம முட்டுது, புதுசுங்க பால் குறைஞ்சிடுச்சு, தீவனத்துல கலக்குற ஆன்டி-ஸ்ட்ரெஸ் பவுடர் வாங்கலாமான்னு கேக்குறார்.

முட்டுறதை நிறுத்துற பவுடர்னு ஒண்ணு கிடையாதுங்க. புதுசா மாடு வந்தா யார் பெரியவன்னு ஒரு கணக்கு தீர்த்துக்கத்தான் செய்யும், முதல் ரெண்டு நாள் ரொம்ப சூடா இருக்கும், சாதாரணமா ஒரு வாரத்துல அடங்கிடும். பத்து நாளாகியும் ஓயலைன்னா எனக்கு முதல் சந்தேகம் இடத்து மேலதான். தீவனத் தொட்டியில ஒரு மாட்டுக்கு குறைஞ்சது 60 செ.மீ. வேணும், கன்னு போட்டு ஒரு மாசம் ஆகாததுன்னா 75 கிட்ட கொடுங்க. மூணு மாடு கூடுச்சே, தொட்டி நீளம் கூடுச்சா?

இன்னொரு விஷயம், இதை யாரும் யோசிக்கிறதில்ல. பவுடரை பொதுத் தொட்டியில கொட்டுறீங்க, அதை யார் சாப்பிடுவா? முட்டுற மாடுதான்! உதை வாங்குறது ஓரமா நின்னுட்டு, எல்லாம் நல்லதைப் பொறுக்கித் தின்ன பிறகு மிச்சத்துக்கு வரும், இல்லன்னா இடம் கிடைச்ச நேரத்துல அடர்தீவனத்தை (தவிடு, புண்ணாக்கு, தானியம் மாதிரி) அவசர அவசரமா ஒரே மூச்சுல அள்ளிப் போட்டுக்கும். அப்படி தின்னா வயித்துல அமிலம் ஏறும், அசை போடுறது குறையும், சாணம் இளகும், பாலும் கொழுப்பும் இறங்கும்.

தீவனத்துல கலக்குற சேர்க்கைகளுக்கு உண்மையான வேலை இந்த இடத்துலதான். உயிருள்ள ஈஸ்ட் வயித்துல இருக்கிற நுண்ணுயிர்களை நிதானமா வச்சிருக்க உதவும். சோடியம் பைகார்பனேட், அதான் ஆப்ப சோடா, அமிலத்தை மட்டுப்படுத்தும், ஒரு நாள் தின்ற தீவனத்தோட உலர் எடையில (ஈரத்தைக் கழிச்ச எடை) 0.75ல இருந்து 1 சதவீதம், அதாவது 20 கிலோ உலர் எடை தின்னுற பெரிய மாட்டுக்கு 150-200 கிராம், சின்ன மாட்டுக்கு அதுக்கேத்த மாதிரி குறைச்சு. புல், வைக்கோல் மாதிரி நார்த்தீவனம் பத்தலைன்னா இது ரெண்டும் சும்மா ஒட்டுப் போடுற வேலைதான்.

டிரிப்டோஃபேன் பத்தி நிறைய விளம்பரம் வருது. மூளையில செரட்டோனின் ஆகுற அமினோ அமிலம்தான் அது, ஆனா மேல பூச்சு இல்லாம கொடுத்தா வயித்து நுண்ணுயிரே அதை உடைச்சிடும், அதிகமாப் போனா நுரையீரலைக் கெடுக்குற பொருளாவும் மாறும், அதனால மனுஷங்களுக்கு விக்கிற மாத்திரையை வாங்கிப் போட்டுடாதீங்க. பூச்சு போட்டதுலயும் பலன் ஒரே மாதிரி தெரியல, அவ்வளவு காசுக்கு நான் வாங்க மாட்டேன்.

மெக்னீசியம் குறைஞ்சா மாடு சும்மாவே மிரளும், பதறும். குறையிருந்து சரிபண்ணா வித்தியாசம் தெரியும், இல்லாதப்ப அதிகம் போட்டா கழிச்சல்தான் மிச்சம். மினரல் மிக்ஸ்சர்ல (தாது உப்புக் கலவை) ஏற்கனவே செலினியம்ங்கிற தாது இருந்தா, அது சேர்ந்த இன்னொரு பவுடரை மேல போடாதீங்க, அளவு மீறினா விஷம்.

இப்போ என்ன பண்ணலாம்னா, இன்னிக்கே அந்த மூணுக்கும் தனித் தொட்டி, முடிஞ்சா தனித் தடுப்பு, தண்ணிக்கும் ரெண்டு இடம். மூணையும் ஒண்ணை விட்டு ஒண்ணு பிரிக்காதீங்க, தெரிஞ்ச துணை பக்கத்துல இருந்தா தாங்கும். பழசுங்களோட திரும்பச் சேர்க்கும்போது சாயங்காலம், பால் கறந்து தொட்டி நிறையத் தீவனம் போட்ட பிறகு சேருங்க, வயிறு நிறைஞ்ச மாட்டுக்கு சண்டை போடுற மூட் கம்மி. ஈஸ்ட் கொடுக்குறதா இருந்தா அந்தத் தனித் தொட்டியில கொடுங்க, பாலை நோட்டுல தினம் எழுதி மூணு நாலு வாரம் பாருங்க, ஏறலைன்னா நிறுத்திடலாம்.

அப்புறம், பால் குறைஞ்சதுக்கு சண்டைதான் காரணம்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி மடி, குளம்பு, காய்ச்சல் மூணும் பார்த்துடுங்க, தீவனத்தைத் தொடாம நிக்குதுன்னா அன்னிக்கே மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.